புள்ளி இல்லாத ராணி

அம்மாவின் பீரோ சாவி என் கைப்பையில்தான் இருந்தது. தர மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு பேச்சே தயாரித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பத்து வாரமாக ஒருவரும் கேட்கவில்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அம்மா போய் இரண்டு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அப்பாவுக்கு அறுபத்துமூன்று வயது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி பாட்டில் கம்பெனி ஒன்றுக்கும் அந்தக் காலத்தில் போவாராம். அங்கே வேலை செய்த ஓர் அம்மாவோடு முகப்பழக்கமாம். மீட்டர் பார்க்கப் போன மனிதர் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டாமா? ஒரு செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு சூட்கேஸோடு அவரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். எனக்குப் போனில்தான் தகவல். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒருவருக்கு வளைவு திருப்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்த மிதியில் அந்த ஆள் அதற்குப் பிறகு பாடத்துக்கே வரவில்லை.

"சித்தின்னு கூப்பிடும்மா" என்றார் அப்பா.

"எனக்கு ஏற்கெனவே ஒரு சித்தி இருக்கா. அம்மாவோட தங்கச்சி. அவ ஒருத்தி போதும்" என்றேன்.

அதனால் அவர் எனக்கு 'அந்தம்மா'வாகவே இருந்தார். வந்த நாளிலேயே பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நான் என் வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் துணிமணி நடையில் அந்த இரண்டு சூட்கேஸுக்குள்ளேயே கிடந்தது. கிடக்கட்டும் என்று இருந்தேன்.

இது பீரோ கதை இல்லை. தேனீப் பெட்டியின் கதை.

அப்பா வீட்டுப் பின்புறம் துணி காயப்போடும் கொடியைத் தாண்டி, சுவரை ஒட்டி, நாலு செங்கல் மேல் ஒரு பெட்டி. அம்மா பத்து வருஷம் வளர்த்தது. பெட்டிக்குள் வரிசையாக மரச்சட்டங்கள், சட்டத்துக்குச் சட்டம் அடை, அடை முழுக்க ஈ. அத்தனை ஆயிரத்துக்கும் ஒரே ராணிதான் முட்டை போட வேண்டும். கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதால் அம்மா ஒவ்வொரு ராணியின் முதுகிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பாள். தன் நகத்துக்கு ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை. அந்தப் பாட்டில் ராணிக்கென்றே வாங்கியது. கடைசியாக வைத்தபோது அம்மாவுக்கு உடம்பு மிகவும் முடியாமல் போயிருந்தது. கை நடுங்கி, புள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. "போகட்டும், அவளுக்கென்ன, கண்ணாடியா பார்க்கப்போறா" என்று சிரித்தாள்.

அம்மா போன பிறகு பெட்டி என் பொறுப்பு. ராணி வளர்த்து விற்கும் ஒருவர் இருக்கிறார், நாங்கள் ராணிக்காரர் என்போம். வெயில் காலத்திலேயே சொன்னார்: "ராணிக்கு வயசாயிடுச்சும்மா. குளிருக்கு முன்னாடி மாத்திடுங்க."

மாற்றவில்லை. அம்மாவின் விரல் பட்ட உயிர் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். அதை நசுக்கிவிட்டு வேறொன்றை வைக்க என் கை வராது. அதை அவரிடம் சொல்லவில்லை. "பார்த்துக்கலாம்" என்றேன்.

அந்தம்மா வந்த மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி வாசலில் ஆண் ஈக்கள் கொழுகொழுவென்று மொய்த்துக்கொண்டிருந்தன. வேலை இல்லை வெட்டி இல்லை, தின்றுவிட்டு ஜோடி தேடிப் பறக்க வேண்டியது. அப்பாவை நினைத்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஓரத்துல ஒண்ணு நீளமா போகுதே. மத்ததுங்க மாதிரி இல்லையே."

துவைத்த துணிக் கூடையோடு என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இது எங்கம்மா பெட்டி. பார்த்துக்க ஆள் இருக்கு" என்று மூடியை டமாரென்று மூடினேன். தேனீப் பெட்டியை அப்படி மூடக்கூடாது. அம்மா பார்த்திருந்தால் திட்டியிருப்பாள். அந்தம்மா துணியை உதறிக் காயப்போடப் போனார்.

அதற்குப் பிறகு நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. வாரம் ஒருமுறை பக்கவாட்டுக் கேட் வழியாக வந்து, சர்க்கரைத் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு, வீட்டு வாசப்படி மிதிக்காமல் போய்விடுவேன். அப்பா ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது தெரியும். நிற்கட்டும்.

குளிர் ஆரம்பிக்கும் நேரத்தில், ஒரு நல்ல வெயில் நாளாகப் பார்த்துத் திறந்தேன். சட்டம் சட்டமாகத் தேடினேன். சிவப்புப் புள்ளி இல்லை. மறுபடி முதலிலிருந்து தேடினேன். இல்லை. அறைகளுக்குள் முட்டை இல்லை, புழு இல்லை. ராணி போய்விட்டாள். அம்மாவின் சாய்ந்த புள்ளி போய்விட்டது. அங்கேயே குந்தி உட்கார்ந்து, ஈ கொட்டாமலிருக்கப் போட்டிருந்த முகவலைக்குள்ளேயே அழுதேன்.

ராணி இல்லாமல் குளிருக்குள் போகும் பெட்டி தேறாது. இருக்கிற ஈக்கள் கிழமாகிச் சாகும், பதிலுக்குப் பிறக்க ஒன்றும் இருக்காது. குளிர் முடிந்து திறந்தால் காலிப் பெட்டிதான்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ராணி இல்லாத பெட்டி ஓலமிடும். திறந்தவுடன் உஸ்ஸென்று பெரிய இரைச்சல் எழும். இது எழவில்லை. தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. துக்கத்தில் அமைதியாகிவிட்டன போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தேனீக்குத் துக்கமாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ராணிக்காரர் புது ராணி ஒன்று அனுப்பினார். தீப்பெட்டி அளவு கூண்டுக்குள் அவளும் ஐந்தாறு தோழிகளும். கூண்டின் வாயைச் சர்க்கரை மாவால் அடைத்திருக்கும். உள்ளூர் ஈக்கள் அதை மெதுவாகத் தின்று முடிப்பதற்குள் புது ராணியின் வாசனை பழகிவிடும், அப்புறம் ஏற்றுக்கொள்ளும். அதுதான் கணக்கு. சட்டங்களுக்கு நடுவில் தொங்கவிட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் வந்து பார்த்தால், ராணி பெட்டி வாசலில் மல்லாந்து கிடந்தாள். ரெக்கை கிழிந்திருந்தது. ஓர் ஈ அவளைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குப்பை மாதிரி கீழே தள்ளிவிட்டது.

நேராகச் சமையலறைக்குப் போனேன். பத்து வாரத்தில் முதல் தடவையாக வாசப்படி மிதித்தது அன்றைக்குத்தான்.

"பெட்டியைத் திறந்தீங்களா?"

அந்தம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "இல்லையேம்மா."

"பொய் சொல்லாதீங்க. யாரோ திறந்து கலைச்சிருக்காங்க. இல்லைன்னா எதுக்குக் கொல்லுது? எங்கம்மாவோடது ஒண்ணுகூட இந்த வீட்டுல மிஞ்சக் கூடாது, அதானே உங்களுக்கு?"

அப்பா எழுந்து வந்தார். "ஏய், வாயை அளந்து பேசு" என்றார். என்னை. அவர் வீட்டில், என் அம்மாவின் சமையலறையில், வந்து பத்து வாரம் ஆன ஒருத்திக்காக, என்னை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தெருவையே கொளுத்தியிருப்பேன்.

அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "நான் திறக்கலைம்மா. சத்தியமா" என்றார். எனக்கு எப்போதும் 'நீங்க'தான் போடுவார். "ஆனா நீங்க ராணி இல்லைன்னு சொல்றீங்க. நான் அன்னிக்கே ஒண்ணு பார்த்தேனே..."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"தேனீ தெரியாதுங்க. முப்பது வருஷம் பாட்டில் பார்த்தவ. விளக்குத் திரைக்கு முன்னாடி வரிசையா போயிக்கிட்டே இருக்கும். கோணல் ஒண்ணு வந்தா கண்ணு தானா நின்னுடும்."

"இது பாட்டில் இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ராணிக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். செத்த ராணியை அனுப்பினாயா என்றே கேட்டுவிட்டேன். அவரும் என் ரகம்தான், பதிலுக்குக் கத்தினார்.

"என் ராணிமேல குத்தம் சொல்லாதீங்க! உள்ள ஒருத்தி இருக்கா. அதான் இவளைக் கொன்னிருக்கு. புள்ளி வச்சவளைத் தேடினீங்களா, ராணியைத் தேடினீங்களா?"

 அப்புறம் அவரே தணிந்து விளக்கினார். கிழ ராணி போனதும் ஈக்கள் தாங்களே ஒன்றை வளர்த்திருக்கும். ஆனால் இந்தக் குளிரில் பிறந்தவளாக இருந்தால் பிரயோஜனமில்லை. ஜோடி சேர ஆண் ஈயே கிடையாது, எல்லாவற்றையும் விரட்டியாகிவிட்டது. அவள் போடும் முட்டையில் வேலைக்கு உதவும் ஈ பிறக்காது. பெட்டி அழிந்துவிடும்.

"மொத்த ஈயையும் சலிச்சுப் பாருங்க. சிக்கினா, யோசிக்காம நசுக்கிடுங்க. இன்னொரு ராணி அனுப்பறேன். இந்த வருஷத்துக்கு என்கிட்ட அதுதான் கடைசி. அதையும் சாகடிச்சிட்டு எனக்குப் போன் போடாதீங்க."

அந்த ஞாயிறு மத்தியானம் கடைசி ராணியைக் கூண்டோடு சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு போனேன். பெட்டி வாசலில் கம்பிச் சல்லடையைப் பொருத்தினேன். சின்ன ஈக்கள் அதில் நுழைந்து போய்விடும். ராணிக்கு உடம்பு பெரிது, நுழையாது, வெளியே நின்றுவிடுவாள். பெட்டிக்கு முன்னால் வெள்ளைப் போர்வையை விரித்து, ஒவ்வொரு சட்டமாக அதில் உதற வேண்டும். போர்வையின் மறுமுனையை ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்பாவுக்கு முதுகுவலி. எவரையும் கூப்பிட மாட்டேன் என்று வீம்பாகத் தனியாகவே ஆரம்பித்தேன்.

அந்தம்மா வந்தார். கேட்காமல் முனையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் முகவலை பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. அவர் எடுக்கவில்லை. நானும் எடுத்துத் தரவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் தரவில்லை.

மூன்றாவது சட்டத்தை உதறியபோது அவர் புருவத்தில் ஓர் ஈ கொட்டியது. "ஸ்ஸ்" என்றார். போர்வையை விடவில்லை.

ஈக்கள் வெள்ளைத் துணிமேல் ஊர்ந்து, சல்லடை வழியே உள்ளே போய்க்கொண்டே இருந்தன. கூட்டம் வற்றியது. கடைசியில் சல்லடைக்கு வெளியே பத்து இருபது ஈக்கள் ஒன்றைச் சுற்றி நின்றன. நடுவில் இருந்தவள் நீளமாக இருந்தாள். முதுகில் புள்ளி இல்லை.

எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தேன். ஒல்லியாக இருந்தாள். கன்னி ராணி அப்படித்தான் இருக்கும். குளிருக்கு முட்டை நிறுத்திய ராணியும் அப்படித்தான் இருக்கும். பார்த்துச் சொல்ல வழியே இல்லை. இவள் எப்போது பிறந்தாள் என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தெரிந்துவிடும். அது யாருக்குத் தெரியும்? பத்து வாரம் பெட்டியைத் திறக்காமல் வீம்பு பிடித்தவளுக்கா?

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. என் அம்மா வைத்த புள்ளியைத் துரத்திவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துகொண்டாள். விரலை இறுக்கினேன்.

"நசுக்காதே!"

என் பக்கத்துப் பிரேக்கை வேறு யாரோ மிதித்த மாதிரி இருந்தது. விரல் நின்றுவிட்டது. அந்தம்மா முதல் தடவையாக என்னை 'நீ' போட்டிருந்தார்.

"அதேதான் அது. நான் அன்னிக்குப் பார்த்தது. இறக்கி விட்டுப் பாரு, இடது பக்கம் பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும். அதனாலதான் என் கண்ணு அதுமேல நின்னுச்சு."

"என்னிக்கு?"

"நான் வந்த மறுநாள். நீங்க மூடியை மூடினீங்களே, அன்னிக்கு."

இடது கையுறையைக் கக்கத்தில் இடுக்கி உருவிவிட்டு, ராணியை அந்த உள்ளங்கையில் இறக்கினேன். நடந்தாள். ஐந்து கால் ஒழுங்காக எட்டு வைத்தது. இடது பின்னங்கால் மட்டும் துணியைப் போல் பின்னால் இழுபட்டது.

பத்து வாரத்துக்கு முன்னால். வாசலில் ஆண் ஈக்கள் கொழுகொழுவென்று மொய்த்த நாள். அப்பாவை நினைத்துத் திட்டிக்கொண்டு நின்றேனே, அதே நாள். அன்றைக்கே இவள் ராணியாக உள்ளே நடந்திருக்கிறாள். ஜோடிக்குப் பஞ்சமே இல்லாத நேரம். இவளுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் புள்ளி வைத்த ராணி தன் முட்டையிலிருந்து விட்டுப்போன மகள் இவள். கடைசி மகள். பையில் இருந்தவளோ எங்கிருந்தோ வந்தவள். இவளை நசுக்கி அவளை வைத்திருந்தால், ஒரு கோடையில் அந்தப் பெட்டியில் அம்மாவின் ஈ ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அம்மாவுக்காக, அம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு, என் கட்டைவிரலாலேயே அதைச் செய்து முடித்திருப்பேன்.

 சல்லடையை விலக்கி, பெட்டி வாசலில் அவளை விட்டேன். காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளைச் சுற்றி நின்ற ஈக்களும் பின்னாலேயே போயின. குளிர் முடிந்து திறந்தபோது அறைக்கு ஒன்றாக முட்டைகள் நின்றன, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அன்றைக்கு என்னிடம் இருந்தது அந்தம்மாவின் வார்த்தை மட்டும்தான்.

"பாட்டில் கண்ணு" என்றேன். மன்னிப்புக் கேட்க எடுத்த வாயிலிருந்து அதுதான் வந்தது.

"கோணலைத்தான் பொறுக்கி வெளியே போடச் சொல்வாங்க" என்றார். "நிறைய போட்டிருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து கூண்டை எடுத்தேன். உள்ளே கடைசி ராணி கம்பியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அந்தம்மா குனிந்து பார்த்தார். புருவம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது.

"இதுக்கு இங்க இடமில்லையா அப்ப?"

"ஒரு பெட்டிக்கு ஒண்ணுதான். திருப்பி அனுப்பணும்."

"எடுத்துக்குவாரா?"

"எடுத்துக்குவார்."

"எடுத்துக்கலைன்னா?"

அவர் கூண்டைப் பார்த்துத்தான் கேட்டார். என்னைக் குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர். அப்படி ஒரு ஆளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். கம்பெனி கொடுத்த வீட்டைக் காலி செய்து, சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தவர் என்று அப்பா ஒருமுறை போனில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொன்னபோது நான், "எனக்கென்ன" என்று வைத்திருந்தேன்.

அங்கேயே நின்று ராணிக்காரருக்குப் போன் போட்டேன். "சாகடிச்சிட்டீங்களா?" என்றுதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.  பிறகு, "உடனே கொண்டாங்க. எனக்கே ஒரு பெட்டியில நேத்து ராணி போயிடுச்சு. இன்னொருத்தருக்கு வேணாம்னா எனக்கு வேணும்" என்றார்.

"இடம் இருக்காம்" என்றேன் அந்தம்மாவிடம். அவர் முகம் அப்படித் தெளிந்ததைப் பார்த்ததும் எனக்கு மறுபடி கோபம் வந்தது. யார்மேல் என்று இந்தத் தடவை தெரிந்திருந்தது.

அம்மாவின் முகவலை ஆணியில் அப்படியே தொங்கியது. அதை எடுத்து அவர் கையில் திணித்தேன். "அடுத்த தடவை போட்டுக்கிட்டு வாங்க. அன்னிக்குச் சமையலறையில சொன்னேனே, அது தப்பு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். நடையில் இரண்டு சூட்கேஸும் சுவரோரம் கிடந்தன. ஒன்றின் மேல் மடித்த துண்டும், சீப்பும், ஒரு சின்னக் கண்ணாடியும். பத்து வாரமாக அந்தக் கண்ணாடியில்தான் தலை வாரியிருக்கிறார்.

கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தேன். அம்மாவின் வாசனை வந்தது. கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. பிறகு மேல்தட்டுத் துணிகளைக் கீழே இறக்கினேன். இரண்டாம் தட்டையும் காலி செய்தேன். அப்பா அறை வாசலில் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பூட்டிவிட்டுப் போயிருப்பேன், அது அவருக்கும் தெரியும்.

அந்தம்மா முகவலையைக் கையில் பிடித்தபடி வந்து பின்னால் நின்றார்.

"மேல ரெண்டு தட்டு உங்களுக்கு" என்றேன். "கீழ இருக்கிறது எங்கம்மாவோடது. அதைத் தொடக் கூடாது."

"சரிம்மா. ஆனா எனக்கு ஒரு தட்டு போதும்."

"ரெண்டுன்னு சொன்னா ரெண்டுதான்!" என்று கத்தினேன், பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.